மத்தியானம் எடுத்த தண்ணீர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி அழைத்தவர்கள், சாதனைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பத்து நான்கு வருடம் தண்ணீரைப் பரிசோதித்தவனுக்குச் சாதனை என்று என்ன இருக்கும்? நல்ல தண்ணீரை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் எழுதினேன். பெரும்பாலும் சரியாக எழுதினேன். ஒருமுறை தப்பாக எழுதினேன். அதனால் ஒரு மனிதன் சிறைக்குப் போனான். அதைத்தான் சொல்லப்போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என்மேல். மீதி யார்மேல் என்பது போகப் போகத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வேறு.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மதுரைக்கு மேற்கே, பெரியாற்று வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில், கண்மாய் மீன் முழுக்கச் செத்து மிதக்கிறது, யாரோ மருந்து கலந்துவிட்டார்கள், உடனே வரவும் என்றார்கள். ஜீப் கிடைத்துப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கரையெல்லாம் கெண்டையும் கட்லாவும் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் கை நீளம். வாய் பிளந்தபடி இருந்தன. ஊரே திரண்டு நின்றது.

மீன் குத்தகை எடுத்திருந்தவர் அந்த ஊர் ரைஸ் மில் முதலாளி. அவர்தான் புகார் கொடுத்தவர். புகாரில் ஒரு பெயரும் இருந்தது. முனியாண்டி. தெற்குத் தெருக்காரர். அப்பா, தாத்தா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவர் காலத்தில்தான் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் சொந்த வயல் அமைந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, தெளிப்பானைக் கண்மாய் ஓரத்தில் கழுவினார். அதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். விடிந்தால் மீன் மிதக்கிறது. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மடைக்குப் பக்கத்தில், ஜீப் நின்ற இடத்திலேயே இறங்கி மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அங்கேயே இரண்டு பரிசோதனை மருந்துகளைச் சொட்டுவோம். ஆக்சிஜன் இருந்தால் அடியில் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகப் படியும். எனக்கு நல்ல அடர் பழுப்பு வந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மில் முதலாளி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கோழிக் குழம்பு. அதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கித் தின்றுவிட்டு எழுதிக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, அவர் எதையும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் நான் உட்கார்ந்து பேசிய ஒரே வீடு அதுதான்.

பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வசதி அன்று எங்கள் கூடத்தில் கிடையாது. அதற்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினோம். நான் எழுத வேண்டியதெல்லாம் என் பாட்டிலில் என்ன கண்டேன் என்பது மட்டும்தான். நான் அதோடு நிறுத்தவில்லை. ‘நீரில் ஆக்சிஜன் போதுமான அளவுக்கு மேலேயே உள்ளது’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில், ‘எனவே மூச்சுத்திணறலால் மீன்கள் இறந்திருக்க வாய்ப்பில்லை’ என்று சேர்த்தேன். அந்த ‘எனவே’யை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பார்த்தால் கெட்டிக்காரத்தனமாக இருந்தது, எழுதினேன்.

மூச்சுத்திணறல் இல்லை என்றால் விஷம்தான் என்று ஸ்டேஷனில் படித்தார்கள். மூன்றாம் நாள் முனியாண்டியைக் கைது செய்தார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வேலை முடிந்து வெளியே வரும்போது கேட் அருகில் ஒரு பெண் எழுந்து நின்றார். இரண்டு நாளாக வந்து உட்கார்ந்திருந்தாராம். உள்ளே விடாமல் பியூன் விரட்டியிருக்கிறான். செல்லூரில் தறி நெய்யும் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் நடந்தே வந்து போயிருக்கிறார்.

“கண்மாய்த் தண்ணி எடுக்க வந்த சார் நீங்கதான?”

“ஆமா. நீங்க யாரு?”

“முனியாண்டி சம்சாரம். பேரு இருளாயி. ஒங்க காயிதத்தை வச்சுத்தான் அவுகளப் பிடிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. நா சண்ட போட வரல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மருந்துல செத்துச்சுன்னா விராலு மட்டும் எப்படி சார் சாகாம இருக்கு?”

எனக்கு முதலில் புரியவில்லை. “விரால் சாகலையா?” என்றேன்.

“ஒண்ணுகூடச் சாகல. தேளியும் சாகல. கெண்டையும் கட்லாவுந்தான் மெதந்துச்சு. அதுலயும் பெருசு பெருசாத்தான் மொதல்ல மெதந்துச்சு. தவளை கத்திக்கிட்டுத்தான் கெடக்கு. செத்த மீனத் தின்ன கொக்கும் நாயும் நல்லாத்தான் திரியுது. மருந்து ஆளுக்கு ஆளு பாத்தா சார் கொல்லும்?”

விரால், தேளி இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் மீன்கள். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அவை பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கும் கட்லாவுக்கும் அந்த வித்தை தெரியாது. இது எனக்குப் பாடத்தில் வந்த விஷயம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

“அதுக்கு முந்தி ஏதாவது வித்தியாசமா பார்த்தீங்களா?”

“நாலஞ்சு நாளாவே பாத்தேன். நாங்க விடியக்காலந்தான சார் கரைப்பக்கம் ஒதுங்குவோம். அந்நேரம் மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடும். வெயிலு ஏறுனா உள்ள போயிரும். இதெல்லாம் சொல்றதுக்கு எங்கள யாரு கேட்டா?”

அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு முழுதும் புரிந்துவிட்டது. கண்மாய்த் தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்ததை நான் பார்த்தேன். அது பாசி. பாசி வெயிலில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். பொழுது சாய்ந்தால் கொடுப்பது நின்றுவிடும். அதற்குப் பிறகு பாசியும் மற்ற உயிர்களைப் போல மூச்சுவிட்டு, இருக்கிற ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். அடியில் அழுகிக்கொண்டிருப்பதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் வாங்கிக்கொள்ளும். விடிவதற்குள் தண்ணீர் காலி. மீன் சாவது அந்த நேரத்தில். நான் போனது உச்சிப் பொழுதில், பாசி கொடையாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். என் பாட்டிலில் வந்த அடர் பழுப்பே கோளாறுக்கு அடையாளம். ஒரு கண்மாயில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன், சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் போனேன். ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும், மறுபடி போய்த் தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டும் என்றேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“கையெழுத்துப் போட்டு, நம்பர் போட்டுப் போன ரிப்போர்ட்டுப்பா. திருத்தினா லேபோட பேரு என்னாகும்?”

“சார், அந்த ஆள் உள்ள இருக்காரு.”

“சென்னை ரிசல்ட் வரட்டும். மருந்து இல்லைனு வந்தா விட்டுருவாங்க.”

“எப்ப சார் வரும்?”

“வர்றப்ப வரும். ஒனக்கு என்ன அவசரம்? நீயா உள்ள இருக்க? நீ இன்னும் நிரந்தரம் ஆகல, அதை ஞாபகம் வச்சுக்க.”

அவர் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார். எங்கள் வேலையில் எனக்கு ஓரளவு கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அதனால்தான் அந்த ஒரு கேள்வி இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ‘நீயா உள்ள இருக்க?’ அரசாங்க அலுவலகங்களில் எத்தனையோ மேசைகளில் இந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கிறது. நீங்கள் யாரும் அதை எவரிடமும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கூடத்திலிருந்து பாட்டில்களையும் மருந்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அனுமதி இல்லாமல் எடுத்தது திருட்டுதான். சாயங்கால பஸ்ஸில் அந்த ஊரில் இறங்கி, நேரே கிராம முன்சீப் வீட்டுக்குப் போனேன். முதல் முறை நான் தண்ணீர் எடுத்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரைக்கு வர வேண்டும் என்றேன்.

“அம்புட்டு வெள்ளனவா? தண்ணிக்கு என்ன தம்பி, அங்கேயேதான கெடக்கப்போகுது?”

“அந்த நேரத்துத் தண்ணி அந்த நேரத்துக்குத்தான் ஐயா கிடைக்கும்.”

தெற்குத் தெருப் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டேன். மறுநாள் இருட்டு பிரியும்போது கரைக்குப் போனால், முன்சீப் மில் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இருளாயி கொஞ்சம் தள்ளி நின்றார். காற்றே இல்லை. தண்ணீரில் அழுகல் வாடை. மிச்சமிருந்த சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இருளாயி சொன்னது அப்படியே என் கண்முன்னால் நடந்தது.

அதே மடையில், அதே இடத்தில் பாட்டிலை நிரப்பினேன். மருந்து இரண்டையும் விட்டு, மூடிக் குலுக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்தது.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் முன்சீப்.

“மீனுக்கு மூச்சுக் காத்து இல்லைனு அர்த்தம்.”

மில் முதலாளி பாட்டிலை வாங்கிப் பார்த்தார். “அன்னைக்குப் பழுப்பா வந்துச்சே. நீதான தம்பி எழுதிக் குடுத்த?”

“அன்னைக்கு மத்தியானம் எடுத்தேன் ஐயா. தப்பு என்னோடதுதான். இருங்க, இன்னைக்கும் மத்தியானம் எடுத்துக் காட்டுறேன்.”

அதற்குள் கரையோரமாக நடந்து பார்க்கலாம் என்றேன். கால் மைல் நடந்ததும் புளிச்ச வாடை தூக்கியது. மில்லிலிருந்து புதிதாக வெட்டின ஒரு கால்வாய் கண்மாயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வருடம்தான் மில்லில் நெல் புழுக்குவதற்குச் சிமென்ட் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். நெல்லை நாள்கணக்கில் ஊறப்போட்ட தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டார்கள். அங்கும் பாட்டில் பிடித்தேன். அதுவும் வெள்ளை.

“எம் மில்லுத் தண்ணில மருந்தே கெடையாது” என்றார் முதலாளி. அவர் குரலில் உண்மையான திகைப்பு இருந்தது. “நெல்லு ஊறுன தண்ணி. மாடே குடிக்கும்.”

“மருந்து இல்ல ஐயா. சாப்பாடு. அதுதான் கோளாறு.”

அங்கே நின்றுகொண்டு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் இதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வரவில்லை. ஒரு கண்மாய்க்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எருமை குளித்துச் சாணி போடும், மரத்து இலை விழும், கரையில் புல் அழுகும். கிருமிகள் அத்தனையையும் தின்று, மூச்சாக வெளியே விட்ட கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். மிஞ்சின உரச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும், மீனைக் கொக்கும் நாமும் தின்போம். மிச்சம் வண்டலாகி வயலுக்குப் போய் மறுபடி நெல்லாகும். காலங்காலமாக இப்படித்தான் சுற்றி வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு மில்லின் ஊறல் தண்ணீரை, அத்தனை மாவும் சர்க்கரையும் சத்துமாக ஒரே வாயில் ஊற்றினால், தின்கிற கிருமிகள் ஒன்று ஆயிரமாகப் பெருகித் தண்ணீரில் உள்ள மூச்சையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்தச் சத்தில் பாசியும் கொழுத்து, பகலில் கொடுத்ததை ராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும். முனியாண்டி கழுவிய தெளிப்பான் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

மத்தியானம் மடையில் எடுத்த பாட்டில் பழுப்பாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே கண்மாய், ஒரே மடை, ஒரே நாள். முன்சீப் ரொம்ப நேரம் பார்த்தார். மில் முதலாளியின் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு, “கண்ணால பாத்துட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் முதலாளியிடம் கேட்டேன். “ஐயா, புகாரை வாபஸ் வாங்கிக்கங்க. அந்த மனுஷன் நாளைக்கே வந்துருவாரு.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போட்டது போட்டதுதான் தம்பி. இப்ப வாங்குனா, எம் மில்லுத் தண்ணியே எம் மீனக் கொன்னுச்சுன்னு ஊரே சிரிக்கும். கோர்ட்டு பாத்துக்கிடட்டும்.”

அதுவரை எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. தெரியாமல் செய்தார். தன் மீனையே இழந்தார். நானும்தான் தெரியாமல் எழுதினேன். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவருக்குத் தெரியும். தெரிந்தும், தன்னைப் பார்த்து ஊர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக, இன்னொருவன் உள்ளே கிடக்கட்டும் என்று முடிவு செய்தார். நாலு பேர் முன்னால், சாதாரணமாக, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டே முடிவு செய்தார். புகாரில் இருந்த பெயர் தெற்குத் தெருப் பெயராக இல்லாமல் அவர் தெருப் பெயராக இருந்திருந்தால் அந்த வாய் அப்படிப் பேசியிருக்குமா என்று நான் யோசித்திருக்கிறேன். யோசிக்க அதிக நேரம் ஆகாது.

மதுரைக்குத் திரும்பியதும், என் முதல் ரிப்போர்ட்டில் கடைசி வரி தவறு என்றும், ஏன் தவறு என்றும் எழுதி, முன்சீப்பின் சாட்சியோடு நேரே மாஜிஸ்திரேட்டுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மேலதிகாரி வழியாகப் போகாமல் அனுப்பியதற்கு எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பாட்டில் எடுத்ததற்கு இன்னொன்று. வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. இதை நான் தியாகமாகச் சொல்லவில்லை. என் தவறைத் திருத்த எனக்கு ஆன செலவு அவ்வளவுதான். முனியாண்டிக்கு ஆனதைக் கேளுங்கள்.

என் கடிதத்தை வைத்து அவருக்கு ஜாமீன் கிடைக்க மேலும் மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவர் வயலுக்கு முறைத் தண்ணீர் விட ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. இருளாயி மடைக்குப் போனால் ஏச்சுப்பேச்சுத்தான் கிடைத்தது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பயிர் காய்ந்து போனது. அந்தக் குடும்பம் சொந்தமாகப் பயிரிட்ட இரண்டாவது போகம் அது. மழைக்காலம் வந்த பிறகு சென்னையிலிருந்து முடிவு வந்தது. பூச்சிமருந்து எதுவும் காணப்படவில்லை என்று ஒரே ஒரு வரி. வழக்கு முடிந்தது. வருத்தம் தெரிவித்து ஸ்டேஷனிலிருந்தோ, மில்லிலிருந்தோ, எங்கள் கூடத்திலிருந்தோ ஒரு துண்டுக் காகிதம் போகவில்லை.

நான் நேரில் போனேன். முனியாண்டி வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார், இருளாயியும் கூட இருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். என் தவறுதான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

“திரும்பி வந்து எழுதுனீக. அது பெரிய காரியந்தான், இல்லைங்கல. ஆனா சார், நீங்க மொத நா ஜீப்புல வந்தப்ப நா அந்தக் கரையிலதான் நின்னேன். ஒங்களுக்குப் பத்தடி தூரத்துல. என்னய யாரும் பிடிக்கல அப்ப. ஏப்பா, என்ன பாத்தன்னு ஒரு வார்த்த நீங்க கேக்கல.”

எனக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கரையில் கிடந்த மீன்களின் வாய் ஞாபகம் இருக்கிறது, கோழிக் குழம்பு ஞாபகம் இருக்கிறது. பத்தடி தூரத்தில் நின்ற மனிதன் ஞாபகம் இல்லை.

“இப்ப மில்லுத் தண்ணி கண்மாய்க்கு வர்றதில்லையே?” என்றேன், வேறு பேச வராமல்.

“வர்றதில்ல. கால்வாயத் திருப்பிட்டாக. தெற்குத் தெரு ஓடையில விட்டுருக்காக. எங்க குடிதண்ணிக் கெணறு அந்த ஓடையிலதான் சார் இருக்கு.”

அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மீனுக்கு ஆகாது என்று என் பாட்டில் காட்டிக் கொடுத்த தண்ணீரை, அந்த மனிதன் தெருவின் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கமே திருப்பிவிட்டிருந்தார்கள். நான் எழுதிய கடிதம் கடைசியில் செய்த வேலை அதுவும்தான்.

“கிணத்துத் தண்ணிய எடுத்துப் பார்க்கணும்” என்றேன். “எந்நேரத்துக்கு வந்தா சரியா இருக்கும்?”

முனியாண்டி இருளாயியைப் பார்த்தார். இருளாயிதான் பதில் சொன்னார்.

“மில்லுல காலையில தெறப்பாய்ங்க. பத்து மணிக்கு மேல கெணத்துல நொரை கட்டும், வாடை அடிக்கும். சாயங்காலம் தெளிஞ்சிரும். நீங்க பதினோரு மணி வாக்குல வாங்க சார். மறுபடி சாயங்காலமும் ஒருக்கா எடுங்க.”

சொன்ன நேரத்துக்குப் போய் இரண்டு முறையும் எடுத்தேன். எங்கள் படிவத்தில் இடத்துக்கும் நேரத்துக்கும் முடிவுக்கும் கட்டம் உண்டு. தகவல் சொன்னவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் நானே கோடு போட்டு, ‘விவரம் தெரிவித்தவர்: திருமதி இருளாயி’ என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். புதுப் படிவம் எடுத்து அதே பெயரோடு மறுபடியும் எழுதினேன்.